தினம் ஓர் ஆப்பிள் உண்டால் மருத்துவர் வேண்டாமா?

"தினம் ஓர் ஆப்பிள் உண்டால் மருத்துவரை நாட வேண்டியதில்லை" என்ற ஆங்கிலப் பழமொழியை, பாளையங்கோட்டையில் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருவோரில் பலர் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் போலவே நம்புகிறார்கள். 1866-இல் வேல்ஸ் நாட்டுப் பெம்புரோக்‌ஷயர் வட்டாரத்துச் சொலவடையாக அச்சேறியபோது, படுக்கப் போகுமுன் ஆப்பிள் தின்பவரால் மருத்துவருக்கு வருமானம் இராது என்று அது சொன்னது. அந்தக் குளிர்நாட்டில் வீட்டுத் தோட்டத்திலேயே காய்க்கும் கனி ஆப்பிள். கைக்கெட்டும் பழத்தை நாள்தோறும் உண்பது உடலுக்கு நல்லது என்பதே அதன் கருத்து.

அமெரிக்காவில் 8,399 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், வயது, கல்வி போன்ற வேறுபாடுகளைக் கணக்கில் கொண்டபின், தினமும் ஆப்பிள் உண்போர் மருத்துவரிடம் செல்வது குறைந்ததாகத் தெரியவில்லை.

"தெனமும் ஆப்பிள் சாப்பிடுதேன்லா, பொறவு மாத்திரை எதுக்கு?" என்று சர்க்கரை நோயுள்ள ஆச்சிமார் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே அச்சமாக இருக்கிறது. நூறு கிராம் ஆப்பிளில் ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை உண்டு. அளவோடு, தோலுடன் கடித்து உண்ணலாம், ஆனால் அது எந்த மாத்திரைக்கும் மாற்றாகாது. சாறாக்கி வடிகட்டினால் நார்ச்சத்தின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும்.

இமயமலைச் சாரலிலிருந்து வரும் ஆப்பிளுக்கு நிறையப் பணம் கொடுப்பவர், மகாராஜநகர் உழவர் சந்தையில் கிடைக்கும் கொய்யாவைக் கவனிப்பதில்லை. நூறு கிராம் கொய்யாவில் சுமார் 228 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்க, ஆப்பிளில் 5 மில்லிகிராம் அளவே உள்ளது. நார்ச்சத்தும் கொய்யாவில் இரு மடங்குக்கு மேல். நோயாளியைப் பார்க்க ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் ஆப்பிள்தான் வாங்க வேண்டும் என்று கடன்பட வேண்டியதில்லை. களக்காட்டு ஏத்தன் (நேந்திரன்) வாழைப்பழமும் நல்ல உணவுதான். நன்றாகக் கனிந்ததைச் சர்க்கரை நோயாளிகள் பாதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சிறுநீரகம் பழுதுபட்டோருக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். பழுதுபட்ட சிறுநீரகம் வெளியேற்றத் திணறும் பொட்டாசியம் என்னும் உப்பு கொய்யாவிலும் வாழைப்பழத்திலும் மிகுதி, ஆப்பிளில் குறைவு. ஆகவே அவர்களுக்கு ஆப்பிளே பெரும்பாலும் பாதுகாப்பானது. எனினும், இரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு இருக்கிறதென்று பரிசோதித்து, சிறுநீரக மருத்துவரைக் கேட்ட பிறகே எந்தப் பழத்தையும் அன்றாட உணவில் சேர்க்க வேண்டும்.