நாய், பூனை வைத்தியம்: சென்னையில் அரசு தருவது என்னென்ன?

எங்கள் வீட்டுப் பெண் நாய்க்கு ஏழு வயதில் கர்ப்பப்பையில் சீழ் கட்டிவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்கு ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். ஆபரேஷனுக்குப் பணம் புரட்ட அம்மாவின் வளையலை அடகு வைத்தோம். நாய் பிழைத்தது. ஆனால் சின்ன வயதிலேயே கருத்தடை செய்திருந்தால் அந்த நோயே வந்திருக்காது என்று டாக்டர் சொன்னபோது நெஞ்சு கனத்துப்போனது. அதைக் குறைந்த செலவில் செய்துகொள்ள இந்த ஊரிலேயே இடம் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது.

அந்த இடம் வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி. 1903ல் தொடங்கிய கல்லூரி இது. இப்போது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. இதன் மருத்துவமனையில் சீட்டு வாங்கி யார் வேண்டுமானாலும் காட்டலாம். வருமானச் சான்றிதழ் எல்லாம் தேவையில்லை. எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, அறுவைச் சிகிச்சை எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்கும். நாய்களுக்கு டயாலிசிஸும் ரத்த வங்கியும்கூட அங்கே உண்டு. கூட்டம் இருக்கும், காத்திருக்கத்தான் வேண்டும். காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு எடுத்துவிடுங்கள், தண்ணீரும் ஒரு பழைய துண்டும் கையோடு இருக்கட்டும். மாணவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். அதற்காகத் தயங்க வேண்டாம், கூடவே பேராசிரியர்களும் பார்க்கிறார்கள்.

அடுத்தது மாநகராட்சி. திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம், தி.நகர் கண்ணம்மாபேட்டை, மீனம்பாக்கம் போன்ற இடங்களில் செல்லப்பிராணிகளுக்கான சிகிச்சை மையங்கள் உள்ளன. 2025 இறுதியில் வீட்டில் வளர்க்கும் பிராணிக்கு உரிமம் கட்டாயம் என்று மாநகராட்சி கெடு வைத்தபோது, இந்த மையங்களில் வெறிநோய்த் தடுப்பூசியும், அடையாளத்துக்காகத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பும் இலவசமாகவே போட்டார்கள். உரிமக் கட்டணம் அப்போது 50 ரூபாய். உரிமம் இல்லாவிட்டால் அபராதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். மாநகராட்சி இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். முகவரிச் சான்று, பிராணியின் படம், தடுப்பூசிச் சான்றிதழ் இவற்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பலர் இதை அபராதத்துக்குப் பயந்து செய்கிறார்கள். எனக்கு இது ஒரு நல்ல பழக்கமாகத் தெரிகிறது: உரிமத்தைப் புதுப்பிக்கப் போகும் சாக்கில் தடுப்பூசியும் தவறாமல் போய்விடுகிறது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. வீட்டில் வளர்க்கும் பிராணிக்குத் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை ஆகியவற்றுக்கு வளர்ப்பவரே பொறுப்பு என்பது 2023ஆம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளில் இருக்கிறது. செலவுக் கணக்குப் பார்த்தாலும் இந்த மூன்றும்தான் பணத்தை மிச்சப்படுத்துகின்றன. குட்டிக்குப் பார்வோ என்ற கடுமையான வைரஸ் கழிச்சல் நோய் வந்தால் நாள்கணக்கில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும். தடுப்பூசிக்கு ஆகும் செலவு அதற்குப் பக்கத்தில்கூட வராது. வெறிநோய் ஊசி மட்டும் போட்டால் பார்வோவைத் தடுக்காது, அதற்கான கூட்டுத் தடுப்பூசி தனி. ஆறு முதல் எட்டு வாரத்தில் அதைத் தொடங்க வேண்டும். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில்.

ஜூலை 6ஆம் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 1885ல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாள் அது. அதையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச ஊசி முகாம் நடப்பது வழக்கம். செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்திலும் அப்படித்தான்.

தனியாரிடம் போக வேண்டி வந்தால் பில்லைக் கவனித்துப் பாருங்கள். கால்நடை மருத்துவமனை தரும் சிகிச்சைச் சேவைக்கு ஜிஎஸ்டி கிடையாது. 2017ல் அந்த வரி வந்தபோதே விலக்கு கொடுத்துவிட்டார்கள். டாக்டர் கட்டணத்துக்கோ ஆபரேஷனுக்கோ வரி போட்டிருந்தால் தைரியமாகக் கேளுங்கள். மருந்து, தீவனம் போன்ற பொருள்கள் வேறு கணக்கு.

மருந்து வாங்கும்போதும் ஒரு கேள்வி கேட்கலாம். டாக்டர் எழுதுவது மனிதர்களுக்கும் கொடுக்கும் மருந்துதானா? ஆம் என்றால் கம்பெனிப் பெயருக்குப் பதில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லி, மக்கள் மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள், விலை நன்றாகக் குறையும். ஆனால் டாக்டரைக் கேட்காமல் வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

நாய்க்கு இன்சூரன்சும் இருக்கிறது. சேருவதற்கு முன்னால், அது நாய் இறந்தால் மட்டும் பணம் தருமா, சிகிச்சைக்கும் தருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வயது வரம்பு உண்டு, தடுப்பூசி அட்டையும் கேட்பார்கள். அந்த அட்டையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு பீரோவைக் குடைந்துகொண்டிருக்க நேரம் இருக்காது.