துணி நனைந்தால் சிறுநீர்ப்பை காலி என்று நினைக்காதீர்கள்

பண்ருட்டிப் பக்கம் பலா மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்த இன்னொருவரைப் போன வாரம் கூட்டிவந்தார்கள். சிறுநீரகம் இரண்டும் வீங்கி, சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் 4-ஐத் தாண்டிய பிறகு! ஈசிஆரில் பைக் விபத்தில் அடிபட்ட பையன்களும் இதே நிலையில்தான் வருகிறார்கள். ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

"அவருக்கு யூரின் தானாப் போயிடுது சார். எத்தனை துணி மாத்துறோம்! அடைப்பு எப்படி இருக்கும்?" என்றார் மனைவி. துணி நனைந்த கையோடு டியூப் போட்டுக் காட்டினேன். உள்ளே இன்னும் 600 மில்லி இருந்தது.

கசிவது வேறு, காலியாவது வேறு. தண்டுவடம் அடிபட்ட பலருக்கு, சிறுநீர்ப்பை சுருங்கும்போதே கீழே உள்ள சுருக்குத்தசையும் இறுகிக்கொள்கிறது. கதவைச் சாத்திவிட்டுத் தள்ளுவது மாதிரி. உள்ளே அழுத்தம் ஏற ஏற, மீறி வழிவது மட்டும்தான் துணியில் படுகிறது. மீதி பையிலேயே நிற்கிறது. அந்த அழுத்தம் 40 சென்டிமீட்டர் நீரளவுக்கு மேலேயே இருந்தால் சிறுநீரகம் தாங்காது. உணர்ச்சி இல்லாததால் வலியும் தெரியாது. அடிவயிற்றை அமுக்கிப் பிதுக்குகிறீர்களே, அதில் அழுத்தம் இன்னும் ஏறும். இன்றோடு நிறுத்துங்கள்.

எடுத்த எடுப்பில் ஆபரேஷன் கிடையாது. நாளைக்கு நாலிலிருந்து ஆறு தடவை சுத்தமாக டியூப் போட்டு எடுக்க வேண்டும், பையின் இறுக்கத்தைத் தளர்த்த மாத்திரை வேண்டும். போதவில்லை என்றால் பைச்சுவரில் போடாக்ஸ் ஊசி. சில மாதங்களில் அதன் வேகம் குறையும், மறுபடி போட வேண்டும். அதற்கும் அடங்காத பையைத்தான் சிறுகுடலில் ஒரு துண்டை வைத்துத் தைத்துப் பெரிதாக்குகிறோம். "அப்புறம் டியூப் வேண்டாமே?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டும், ஆயுசுக்கும் வேண்டும். குடல் துண்டு சளி சுரக்கும், பையைக் கழுவிவிடவும் வேண்டும். இந்த ஆபரேஷன் சிறுநீரகத்தைக் காப்பாற்றத்தான். சக்கர நாற்காலியில் இருந்தபடி கீழே டியூப் போட முடியாதவர்களுக்கு, குடல்வாலைக் கொண்டு தொப்புள் வழியாகப் பாதை அமைக்கலாம். பெண்களுக்கு இது பெரிய நிம்மதி.

தண்டுவடத்தில் நடுமார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டை பிளக்கிற தலைவலி, முகத்தில் வியர்வை என்றால் ரத்த அழுத்தம் எகிறுகிறது. உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், டியூப் அடைத்திருக்கிறதா, மடங்கியிருக்கிறதா பாருங்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

துணி நனையுமே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். நம்ம கடலூர் வெயிலில் அது கல்லில் கொண்டுபோய் விடும். "கிரியேட்டினின் நார்மல்" என்ற ரிப்போர்ட்டையும் முழுசாக நம்ப வேண்டாம். தசை மெலிந்த உடம்பில் அது குறைவாகவே காட்டும், எங்கள் ஆட்களே சிலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

தயவுசெய்து காய்ச்சல் வரும்வரை காத்திருக்காதீர்கள். சிறுநீரக ஸ்கேன் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தால் இந்த வாரமே எடுங்கள். யூரின் போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ் இதுவரை செய்யவே இல்லை என்றால், ஜிப்மரோ வேறு பெரிய ஆஸ்பத்திரியோ, யூராலஜி பிரிவில் அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.