நிலைத்தன்மை வேறு, வளங்குன்றாமை வேறு

கொடைக்கானல் பக்கம் ஒரு கல்லூரி அறிவிப்புப் பலகையில் ‘நிலைத்தன்மைக் குழுக் கூட்டம்’ என்று தாள் ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்த கௌரவ விரிவுரையாளர் ஒருவர், “எங்களைப் பணி நிரந்தரம் பண்றதுக்கா சார் இந்தக் குழு?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையே இல்லை. தமிழ் தெரிந்த எவருக்கும் அப்படித்தான் பொருள்படும். ஒட்டியவர்கள் சொல்ல வந்தது சஸ்டெயினபிலிட்டி.

லத்தீனில் இதன் வேருக்குக் கீழிருந்து தாங்குதல் என்று பொருள். இன்றைய கருத்து காட்டிலிருந்து வந்தது. ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்க நிர்வாகியாக இருந்த கார்லோவிட்ஸ், உலைக்கு வெட்டி வெட்டியே காடு தீர்வதைக் கண்டு, வளர்கிற அளவுக்குமேல் வெட்டாதே என்று 1713இல் எழுதினார். 1987இல் ஐ.நா.வின் புருன்ட்லாண்ட் ஆணையம், வரும் தலைமுறையின் தேவைக்குக் குறை வைக்காமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது என்று அதை விரித்தது. வேர்க்கதை இவ்வளவு போதும்.

நிலைத்தன்மை என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. விலை நிலைத்தன்மை, அரசியல் நிலைத்தன்மை என்கிறோம். ஆடாமல் அசையாமல் இருப்பது என்று பொருள். அதையே இங்கேயும் கொண்டுவந்து வைத்தால் கருத்தே தலைகீழாகிறது. பழனி மலையில் சீகை மரத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் வாட்டில் என்பார்களே, அது. வெள்ளைக்காரர் கொண்டுவந்தது, விடுதலைக்குப் பிறகும் சோலைப் புல்வெளிகளில் வனத்துறையே பரப்பி நட்டது. வெட்டினால் மறுபடி முளைக்கிறது, நெருப்பு வைத்தால் மண்ணுக்குள் கிடக்கும் விதையெல்லாம் கிளம்புகிறது. அதைவிட நிலைத்த மரம் இந்த மலையில் இல்லை. ஆனால் அது நின்ற இடத்தில் புல்வெளி போயிற்று. மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைக்கு விடும் மண்ணின் தன்மையும் போயிற்று. நீலகிரியிலும் சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) செய்தது இதைத்தான். இந்த மலைகளில் நிலைத்தது ஒன்று, குன்றியது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் பாடம் நடத்துகிறவர் என்ன சொல்லிக்கொடுப்பார்?

‘நீடித்த நிலையான’ என்று அரசு ஆவணங்களில் வருவது இரட்டை அடைமொழி. வளர்ச்சிக்கு முன்னால் ஒட்டலாம். தனியே பெயர்ச்சொல்லாக நிற்காது. குழுவுக்கு எப்படிப் பெயர் வைப்பது? இலங்கைத் தமிழர் சொல்லும் ‘பேண்தகு’ எவ்வளவோ மேல். பேணத் தகுந்தது என்று ஒரு செயலைக் காட்டுகிறது. ஆனால் எதைப் பேணுவது என்பதை அது சொல்லவில்லை.

‘வளங்குன்றாமை’ சொல்கிறது. புழக்கத்திலும் இருக்கிறது. புதிதாக வார்த்ததும் அல்ல: “கேடறியாக் கெட்ட இடத்தும் வளங்குன்றா நாடென்ப நாட்டின் தலை” என்பது 736ஆம் குறள். கெட்ட காலத்திலும் வளம் குன்றாத நாடு என்ற பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்க, மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டுப் போவது எனக்குத் தாங்கவில்லை. இப்போது கணினி மொழிபெயர்ப்பு அதையே ஆயிரம் மடங்காக்குகிறது.

இந்தக் குழுக்களின் வேலையோடு சேர்ந்து வரும் அடுத்த சொல் ‘கவர்னன்ஸ்’. இதை ‘ஆளுமை’ என்கிறார்கள். ஆளுமை ஒரு மனிதரின் குணச்சிறப்பு. யார் முடிவெடுப்பது, யாருக்குக் கணக்குக் காட்டுவது என்பது ஆளுகை. 1990இல் பிரான்சின் தல்வார் ஊரில் கூடிய பல்கலைக்கழகத் தலைவர்கள் பத்து அம்சப் பிரகடனம் வெளியிட்டார்கள். சுற்றுச்சூழல் பொறுப்பைப் பல்கலைக்கழகத் தலைமையே ஏற்று முன்நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். அதன்பின் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதற்கெனத் தனி அலுவலகம், முழுநேர இயக்குநர், ஆண்டறிக்கை என்று அமைந்தன. இங்கே கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் ‘நாக்’ (NAAC) அமைப்பு பசுமைத் தணிக்கை, ஆற்றல் தணிக்கை எல்லாம் கேட்கிறது. கேட்கும்போது கோப்பு தயாராகிறது. மற்ற நாட்களில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் தலையில் ஒரு மரக்கன்று நடும் விழா. விடுதிக்குக் கோடையில் எத்தனை லாரி தண்ணீர் வருகிறது, மின்கட்டணச் சீட்டில் கையெழுத்திடுபவர் குழுவில் இருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. குழுவின் பெயரில் ‘வளம்’ என்ற சொல் இருந்தால் எந்த வளம், எவ்வளவு குறைந்தது என்று ஒரு மாணவியாவது கேட்பாள்.

சமூகநீதி, நிதி எல்லாமும் சஸ்டெயினபிலிட்டியில் அடங்குமே, வளம் என்றால் மண்ணும் நீரும் மட்டும்தானே என்று ஒரு பேராசிரியர் மறுத்தார். மனிதவளம், நிதிவளம் என்று அவர் துறையின் கோப்பிலேயே எழுதியிருக்கிறது.