மடியில் மேட்டி துணி, மணிக்கட்டில் வலி

பெங்களூர் அல்சூரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். மணிக்கட்டு வலி என்று வருகிற பெண்களிடம் வீட்டில் கைக்கு என்ன வேலை என்று கேட்பேன். பாத்திரம் தேய்ப்பது, மாவு பிசைவது, போன் பார்ப்பது என்பார்கள். தையலை யாரும் சொல்வதில்லை. அதை அவர்கள் வேலையாகவே நினைப்பதில்லை. நாள் முழுக்க உழைத்த பிறகு மனசுக்குக் கிடைக்கும் ஆறுதல் அது.

ஜனவரிக் குளிரில் வந்த ஓர் அம்மாவும் அப்படித்தான். ஓய்வுபெற்ற ஆசிரியை. இடது கட்டைவிரல் அடியில் இரண்டு மாதமாக வலி, குக்கர் மூடியைத் திறக்க முடியவில்லை. வலது கைக்காரருக்கு இடது கையில் ஏன் இப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை. மூன்றாவது தடவை வந்தபோதுதான் பேச்சுவாக்கில் சொன்னார், பேத்தி கல்யாணத்துக்காக ராதாகிருஷ்ணர் படம் ஒன்றை, பெருக்கல் குறி போலத் தைத்துத் தைத்து நிரப்பும் கிராஸ் ஸ்டிச்சில் போட்டுக்கொண்டிருக்கிறாராம். "அடுத்த முறை அதை அப்படியே எடுத்துட்டு வாங்கம்மா" என்றேன்.

கொண்டுவந்தார். கிராஸ் ஸ்டிச்சுக்கென்றே கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணி, ஒரு மீட்டர், வெட்டாமல் முழுசாக. நடுவில் துணியை விறைப்பாகப் பிடிக்கும் எட்டு இஞ்ச் மர ரிங். என் எதிரிலேயே தைத்துக் காட்டச் சொன்னேன். இடது கட்டைவிரல் ரிங்கின் விளிம்பை மேலிருந்து அழுத்திக்கொண்டிருந்தது. ஆள்காட்டி விரல் அடியில் முட்டுக்கொடுத்திருந்தது. மற்ற மூன்று விரலும் ரிங்குக்கு வெளியே தொங்கிய துணியைக் கசக்கி உள்ளங்கையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தன. துணி நழுவும்போதெல்லாம் மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து ஓர் இழுப்பு. தினமும் மூன்று மணி நேரம் இப்படி. போதாததற்கு ரிங்குக்கு அடியில் மடிந்த துணியையும் சேர்த்துத் தைத்துவிட்டு, அரை மணி நேரம் பிரிப்பது வேறு.

துணியும் ரிங்கும் சேர்ந்து கால் கிலோ தேறாது. ஆனால் கால் கிலோவையும் விடாமல் பிடித்திருந்தால் கை தாங்காது. இறுகிய தசைக்கு ரத்த ஓட்டம் குறையும். கட்டைவிரலை அசைக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் குறுகலான ஓர் உறைக்குள் ஓடுகின்றன. கட்டைவிரலை அழுத்தியபடியே மணிக்கட்டைத் திரும்பத் திரும்பச் சாய்த்தால் அந்த உறை தடித்து நாண்களை நெருக்கும். 1895-ல் இதைப் பற்றி எழுதிய சுவிஸ் அறுவை மருத்துவர் டி குவெர்வேன் பெயராலேயே இன்றும் அழைக்கிறோம். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இளம் தாய்மார்களுக்கு வருவதும் இதே வலிதான்.

"தையலை விட்டுடணுமா டாக்டர்?" என்று கேட்டார். கண் கலங்கிவிட்டது. சில வாரம் கட்டைவிரலை அசையாமல் பிடிக்கும் ஸ்பிளின்ட் போட்டு ஓய்வு கொடுக்கச் சொன்னேன். படத்தை விட வேண்டியதில்லை, தொங்கும் துணிக்குக் கையைத் தவிர வேறு இடம் கண்டுபிடித்தால் போதும்.

முதலில் கத்தரிக்கோல். மேட்டி போலவே கட்டம் உள்ள ஐடா துணியில், 14 கவுண்ட் என்றால் ஒரு இஞ்சுக்கு 14 கட்டம். 210-க்கு 280 கட்டம் உள்ள படம் 15-க்கு 20 இஞ்ச் வரும். நாலு பக்கமும் மூன்று இஞ்ச் விட்டால் 21-க்கு 26. பிரேம் போடுகிறவர் துணியை இழுத்துக் கட்ட அந்த ஓரம் வேண்டும், அதற்குக் குறைக்காதீர்கள். அதற்கு மேல் இருப்பதையெல்லாம் கைதான் சுமக்கிறது. மேட்டி துணி என்றால் ஸ்கேல் வைத்துக் கட்டத்தை எண்ணிக் கணக்குப் போடுங்கள். வெட்டிய ஓரத்தைத் தெரு முனை டெய்லரிடம் கொடுத்து ஜிக்ஜாக் அடித்துவிட்டால் நூல் பிரியாது.

மீதித் துணியை, தைத்த பக்கம் உள்ளே போகும்படி நாலு பக்கமும் ரிங் வரைக்கும் சுருட்டி, பிளாஸ்டிக் ஹேர் கிளிப் மாட்டுங்கள். இரும்புக் கிளிப் வேண்டாம், மழைக்காலத்தில் துருக் கறை வைத்துவிடும். எனக்கு இதைவிடப் பிடித்தது துணிப்பட்டை. பழைய காட்டன் புடவையில் ஏழெட்டு இஞ்ச் அகலத்துக்கு ஒரு பட்டை கிழித்து, ரிங்கைச் சுற்றி வரும் அளவுக்கு வளையமாகத் தைத்து, இரண்டு ஓரத்திலும் எலாஸ்டிக் கோத்துவிடுங்கள். எட்டு இஞ்ச் ரிங்குக்குச் சுற்றளவு 25 இஞ்ச், தையலுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிங்குக்குத் தொப்பி மாட்டுவது போல மாட்டி, சுருட்டிய துணியை அதற்குள் செருகிவிடலாம். கை அழுக்கும் படத்தில் படாது.

அப்புறம் ரிங்கையே கையில் பிடிக்காமல் இருக்கப் பாருங்கள். மேஜை ஓரத்திலோ மடியில் தலையணை மேலோ சாய்த்து வைக்கலாம், முடிந்தால் ஸ்டாண்ட் வாங்கலாம். ஆரி வேலை செய்கிறவர்கள் துணியைக் கட்டிலில் இழுத்துக் கட்டிவிட்டு இரண்டு கையையும் வேலைக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். அவர்களுக்குக் கழுத்து வலி வரும், அது வேறு கதை. பெரிய படத்துக்கு இரண்டு கட்டையில் துணியைச் சுற்றும் ரோலர் பிரேம் நல்லதுதான், ஆனால் அதைக் கையில் தூக்கிப் பிடித்துத் தைத்தால் ரிங்கே தேவலை.

ஓய்வுக்கு அலாரம் வைக்கச் சொன்னால் யாரும் வைப்பதில்லை. அதனால் நூலையே கணக்காக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பதினெட்டு இஞ்ச் நூல் ஒன்று தீர்ந்ததும் அடுத்ததைக் கோப்பதற்கு முன் ரிங்கைக் கீழே வைத்து, பத்து முறை கையை விரித்து மூடுங்கள். இரவில் ரிங்கைக் கழற்றி வைத்தால் துணியில் வட்டத் தடமும் விழாது.

கட்டைவிரல் பக்க வலி இரண்டு வாரத்துக்கு மேல் நின்றாலோ, இரவில் விரல்கள் மரத்துத் தூக்கம் கலைந்தாலோ, காபி டம்ளர் கை நழுவினாலோ தைலம் தேய்த்துக்கொண்டு தைக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கு நரம்பு அழுத்தம் எளிதில் வரும், அவர்கள் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அந்த அம்மா ஏப்ரலில் வந்தார். ரிங்கைச் சுற்றிப் பச்சைப் புடவைப் பட்டை, மயில்பீலி வரைக்கும் முடிந்திருந்தது. ராதையின் பாவாடை பாக்கி.