வெளிநாட்டுக் குடியுரிமையும் ஊரில் இருக்கும் தேயிலைத் தோட்டமும்

நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து, கணினி வேலைக்கு ஆஸ்திரேலியா, படிப்புக்குக் கனடா என்று நீலகிரியின் குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் பக்கமிருந்து போன பிள்ளைகள் பலர் அந்தந்த நாட்டுக் குடியுரிமை வாங்கும் கட்டத்துக்கு வந்துவிட்டார்கள். "ஓசிஐ (Overseas Citizen of India) அட்டை எடுத்துவிட்டால் இரண்டு நாட்டுக் குடியுரிமையும் இருக்கும்" என்று ஏஜெண்டுகள் சொல்கிறார்கள், வீட்டில் நம்புகிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. 1955-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, வேறொரு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றவுடன் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடுகிறது. ஓசிஐ என்பது சில சலுகைகளோடு வரும் ஆயுட்கால விசா. ஓட்டும் அரசு வேலையும் அதில் கிடையாது. குடியுரிமைச் சட்டத்தில் இவ்வளவு தெரிந்தால் போதும்.

குடும்பங்கள் அதிகம் அடிபடுவது நிலத்தில். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும் (ஃபெமா) அதன் கீழ் 2019-ல் வந்த விதிகளும், வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரும் ஓசிஐ அட்டைக்காரரும் விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்கக் கூடாது என்கின்றன. நகரத்தில் ஒரு ஃபிளாட் வாங்கத் தடை இல்லை. ஆனால் நம் மலையில் ஒரு குடும்பத்தின் சொத்து என்பதே அரை ஏக்கரோ இரண்டு ஏக்கரோ தேயிலைதான். கொடைக்கானல், தாண்டிக்குடி காபித் தோட்டக்காரர்களுக்கும் இதே விதிதான்.

விலைக்கு வாங்குவதற்கு மட்டும் இந்தத் தடை என்று நினைக்க வேண்டாம். அப்பா உயிரோடு இருக்கும்போது லண்டனில் இருக்கும் மகளுக்குத் தேயிலை நிலத்தைத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுப்பதும் செல்லாது. "அவளிடம் இன்னும் இந்திய பாஸ்போர்ட்தானே இருக்கிறது?" என்று கேட்பார்கள். விதி பார்ப்பது பாஸ்போர்ட்டை மட்டும் அல்ல, எங்கே வசிக்கிறார் என்பதையும்தான். வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்தே ஃபெமா கணக்கில் அவர் வெளிநாட்டில் வசிப்பவர்.

பத்திரம் பதியும் இடத்தில் இதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆதாரைப் பார்க்கிறார்கள், கட்டணம் வாங்குகிறார்கள், முத்திரை குத்துகிறார்கள். பல வருடம் கழித்து நிலத்தை விற்றுப் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பப் போகும்போதுதான் வங்கி கேட்கிறது: இந்த நிலம் உங்கள் பெயருக்கு எப்படி வந்தது? சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பதிந்து கொடுத்தவர்கள் அன்றைக்குப் பொறுப்பேற்க வரமாட்டார்கள். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்துச் சேர்த்த நிலத்துக்காக முதியவர்கள் வக்கீல் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். முன்கூட்டியே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சொல்ல வேண்டிய அலுவலகம் சொல்லவில்லை.

நேரான வழி ஒன்று உண்டு. இங்கே வசிக்கும் பெற்றோரிடமிருந்து வாரிசு உரிமையாகவோ உயில் மூலமாகவோ தோட்டம் வந்தால், ஓசிஐ அட்டைக்காரரும் அதை வைத்துக்கொள்ளலாம். ஆகவே செட்டில்மென்ட் வேண்டாம், உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் கட்டாயம். பதிவு கட்டாயம் இல்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். பின்னால் விற்பதென்றால் இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்க முடியும். துபாயில் இருக்கும் தம்பிக்கு எழுதிக் கொடுத்தால் மறுபடியும் அதே சிக்கல்.

உயிலுக்கும் முன்னால் பட்டாவைப் பாருங்கள். நம் ஊர்களில் பாதிப் பட்டா இன்னும் தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாகக் கிடக்கிறது. விஏஓவிடம் போனால் சர்வேயரைப் பார்க்கச் சொல்வார். சர்வேயர் வாரிசுச் சான்றிதழ் கேட்பார். அதற்குத் தாலுகா அலுவலகம் போனால் எல்லா வாரிசுகளின் ஆவணங்களும் வேண்டும் என்பார்கள். அத்தனை பேரும் இந்தியாவில் இருக்கும்போதே இது ஓர் இழுபறி. ஒருவர் கனடாவில் இருந்தால் ஒரு கையெழுத்துக்காக எல்லாம் நிற்கும். பிள்ளை விமானம் ஏறும் முன்பே பட்டாவைப் பிரித்துவிடுங்கள்.

அடுத்த சிக்கல் பயணம். புதிய நாட்டுக் குடியுரிமை வாங்கிய பிறகு பழைய இந்திய பாஸ்போர்ட்டில் ஊருக்கு வருவது குற்றம். "தேதி இன்னும் முடியவில்லையே" என்ற பதிலை யாரும் கேட்க மாட்டார்கள். அதை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஓசிஐ விண்ணப்பம் நகராது. பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். திடீரென்று வீட்டில் ஒரு சாவு. கையில் விசாவும் இல்லை, ஓசிஐ அட்டையும் இல்லை. அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். புதிய பாஸ்போர்ட் கைக்கு வந்த வாரமே ஒப்படைப்பையும் ஓசிஐ விண்ணப்பத்தையும் தொடங்குங்கள். சுற்றுலா விசாவில் வந்து இங்கே விண்ணப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம். அந்த விசாவில் வந்தவரிடம் இங்கே ஏற்பதில்லை.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் படும் பாடு தனி. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, பட்டாவில் வேறு எழுத்துக்கூட்டல், அங்கே கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர். நான்கும் ஒரே ஆள்தான் என்று காட்டச் சொல்லி விண்ணப்பத்தைத் திருப்புவார்கள். இந்திய பாஸ்போர்ட் கையில் இருக்கும்போதே கோவை மண்டல அலுவலகத்தில் (கொடைக்கானல்காரர்கள் மதுரையில்) பெயரைச் சரிசெய்துகொள்ளுங்கள். பிறகு திருத்துவதற்கு அந்த பாஸ்போர்ட்டே இருக்காது.

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவரின் பெயர் இங்கே வாக்காளர் பட்டியலில் இன்னும் இருந்தால், படிவம் 7 கொடுத்து நீக்கிவிடுங்கள். "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று கட்சிக்காரர் சொல்வார். வெளிநாட்டுக் குடிமகன் ஓட்டுப் போட்டால் மாட்டுவது அந்தக் கட்சிக்காரர் அல்ல, ஓட்டுப் போட்டவர்தான்.

தோட்டத்தைக் கவனிக்க அண்ணனுக்கோ சித்தப்பாவுக்கோ அங்கிருந்து பவர் பத்திரம் அனுப்புவதானால், இந்தியத் தூதரகத்தின் அல்லது அங்குள்ள நோட்டரியின் சான்றொப்பத்தோடு அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தபால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.