சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடக்குமா?

போன மாதம் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். இரண்டு கீமோ முடிந்திருக்கிறது. இதற்கிடையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள். "புற்றுநோய்க்குத் தீனியே சர்க்கரைதான். நம்பிக்கை இல்லையா? பெட் (PET) ஸ்கேன், அதாவது கட்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் படம், எடுக்கும்போது டாக்டரே சர்க்கரையைத்தான் ஊசியில் ஏற்றுகிறார். அது நேராகக் கட்டிக்குப் போகிறது. சர்க்கரையை நிறுத்துங்கள், கட்டி பட்டினியில் செத்துவிடும்" என்பது அதன் சாரம்.

அம்மா முதலில் காபிக்குச் சர்க்கரையை விட்டார். அப்புறம் பழம், அப்புறம் பால், கடைசியில் சோறும் இட்லியும். ஐந்து வாரத்தில் ஆறு கிலோ குறைந்துவிட்டார். இப்படியே எடை இறங்கினால் அடுத்த கீமோவைத் தள்ளிப்போட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாசகி கேட்டது இதுதான்: "அந்த வீடியோ பொய் என்றால் ஸ்கேனில் சர்க்கரை கட்டிக்குப் போவது எப்படி? அம்மா அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை."

அந்த அம்மா கேட்பது நியாயமான கேள்வி. "வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதே" என்று சொல்லி அவர் வாயை அடைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஏனென்றால் வீடியோவின் முதல் பாதி உண்மை. பல புற்றுக் கட்டிகள் குளுக்கோஸை அள்ளி அள்ளி விழுங்குகின்றன. 1920களில் ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் கட்டித் துண்டுகளைச் சோதனைக் குடுவையில் வைத்து அளந்து இதைக் கண்டுபிடித்தார். ஆக்ஸிஜன் தாராளமாக இருக்கும்போதுகூட அந்தச் செல்கள் குளுக்கோஸை முழுதாக எரிக்காமல் அரைகுறையாக உடைத்து லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளின. இதே வார்பர்க்கின் பெயரில் இன்னொரு செய்தியும் சுற்றுகிறது. புற்றுநோய்க்குக் காரணம் உடம்பின் அமிலத்தன்மை என்று கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கினாராம், காரத்தன்மை உள்ள தண்ணீரைக் குடித்தால் போதுமாம். அவருக்கு 1931இல் நோபல் கிடைத்தது செல்களின் சுவாசத்துக்கு உதவும் நொதியைப் பற்றிய ஆய்வுக்கு. கட்டியைச் சுற்றி அமிலம் இருப்பது நிஜம்தான். அந்த அமிலத்தை உண்டாக்குவதே கட்டிதான். நாம் குடிக்கும் காரத் தண்ணீர் இரைப்பையின் அமிலத்தில் கலந்து காரம் இழந்துவிடும். ரத்தத்தின் பிஎச் அளவை, அதாவது அமில-கார அளவை, 7.35க்கும் 7.45க்கும் நடுவில் பிடித்து வைக்கும் வேலையை நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன.

சரி, பெட் ஸ்கேனுக்கு வருவோம். எனக்கு இந்தக் கருவிமேல் தீராத பிரியம் உண்டு. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் பெரியம்மாவை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருந்தேன். காலையிலிருந்து ஆறு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடக் கூடாது என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். போனதும் விரல் நுனியில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தார்கள். 104 இருந்தது. பிறகு ஒரு ஊழியர் கனமான ஈயப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே உலோக உறை போட்ட ஊசிக்குழாய். அதிலிருந்த மருந்து பச்சைத் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருந்தது. ஏற்றியதும் ஒரு சின்ன அறையில் படுக்க வைத்து, போர்வை போர்த்தி, விளக்கைக் குறைத்துவிட்டு, "ஒரு மணி நேரம் அசையாம இருங்கம்மா. பேசாதீங்க, போன் பாக்காதீங்க, வாயில எதையும் மெல்லாதீங்க" என்றார். பெரியம்மாவுக்கு வெற்றிலை போடும் பழக்கம். அந்த ஒரு மணி நேரம் அவர் பட்ட பாட்டை நான் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊழியர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. அந்த மருந்து குளுக்கோஸைப் போலவே செய்த ஒரு பொருள். எந்தத் தசை வேலை செய்கிறதோ அந்தத் தசை அதை இழுத்துக்கொள்ளும். மென்றால் தாடைத் தசை ஸ்கேனில் ஒளிரும். குளிரில் நடுங்கினால் தசையும், உடம்பைச் சூடேற்றும் பழுப்புக் கொழுப்பும் ஒளிரும். போர்வை அதற்குத்தான்.

குளுக்கோஸ் மூலக்கூறில் ஆறு கார்பன்கள். இரண்டாவது கார்பனில் இருக்கும் ஆக்ஸிஜன்-ஹைட்ரஜன் ஜோடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃபுளூரின்-18 என்ற கதிரியக்க அணுவை வைத்திருக்கிறார்கள். மாற்றம் அவ்வளவுதான். செல்லின் வாசலுக்கு வித்தியாசம் தெரிவதில்லை, உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே காத்திருக்கும் முதல் நொதிக்கும் தெரிவதில்லை. அது வழக்கம்போல ஆறாவது கார்பனில் ஒரு பாஸ்பேட்டை ஏற்றிவிடுகிறது. ஆனால் அடுத்த நொதி பிடித்து வேலை செய்ய வேண்டிய இடம் அந்த இரண்டாவது கார்பன். அங்கே ஃபுளூரின் உட்கார்ந்திருக்கிறது. வேலை அங்கேயே நின்றுவிடுகிறது. முன்னேயும் போக முடியாது, வந்த வழியே திரும்பவும் முடியாது. குறுகலான வாசல் வழியாக உள்ளே வந்தவர் தலையில் பெரிய சுமையை ஏற்றிவிட்டால் அதே வாசலில் வெளியே போக முடியுமா? மின்னூட்டம் கொண்ட பாஸ்பேட்தான் அந்தச் சுமை. இப்படிக் குளுக்கோஸை அதிகம் இழுக்கும் செல்களில் இந்தப் பொய்ச் சர்க்கரை சேர்ந்துகொண்டே போகிறது.

இப்போது அந்த ஃபுளூரின் அணு சிதைகிறது. சிதையும்போது ஒரு பாசிட்ரானை வெளியிடுகிறது. எலெக்ட்ரானின் எதிர்த்துகள் அது. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் தூரம் போவதற்குள் பக்கத்தில் இருக்கும் எலெக்ட்ரான் ஒன்றோடு மோதி இரண்டும் அழிந்துபோகின்றன. அந்த இடத்திலிருந்து இரண்டு காமாக் கதிர்கள் நேர் எதிர்த் திசைகளில் புறப்படுகின்றன. உடம்பைச் சுற்றி வளையமாக அடுக்கியிருக்கும் படிகங்களில் எதிரும் புதிருமான இரண்டு ஒரே நேரத்தில் மினுங்கினால், அவற்றை இணைக்கும் கோட்டில்தான் எங்கோ அந்த அணு இருந்தது என்று அர்த்தம். இப்படி லட்சக்கணக்கான கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களைக் கணினி படமாக்குகிறது. எதிர்ப்பொருள் என்பதைப் பள்ளிப் பாடத்தில் எங்கோ நட்சத்திரங்களுக்கிடையே நடக்கும் சங்கதி போலப் படித்திருப்போம். பெரியம்மாவின் உடம்புக்குள் அன்று நொடிக்குக் கோடிக்கணக்கில் அது பிறந்து அழிந்துகொண்டிருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அப்புறம் நடப்பது. பாசிட்ரானை விட்ட ஃபுளூரின் அணு ஃபுளூரினாக இருப்பதில்லை, ஆக்ஸிஜனாக மாறிவிடுகிறது. அந்த ஆக்ஸிஜன் அக்கம்பக்கத்திலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது கார்பனில் என்ன இருக்க வேண்டுமோ அதே ஜோடி மறுபடி வந்துவிட்டது! மாட்டிக்கொண்டிருந்த பொய்ச் சர்க்கரை மெய்ச் சர்க்கரை ஆகிவிட்டது. நின்றுபோன நொதி வேலையைத் தொடர்கிறது. உளவு பார்க்க வந்தவர் வேலை முடிந்ததும் அந்த ஊர்க்காரராகவே ஆகிவிடுகிறார். ஃபுளூரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம். காலையில் ஏற்றியது மறுநாள் காலைக்குள் ஏறக்குறைய ஒன்றும் மிச்சமில்லை.

இனி வாசகியின் அம்மாவுக்கான பதில். அது அந்த ஸ்கேன் அறைக்குள்ளேயே இருக்கிறது. பெரியம்மா ஆறு மணி நேரம் பட்டினி. அப்படியும் கட்டி ஒளிர்ந்தது. பட்டினியில் கட்டி சோர்ந்துபோகும் என்றால் ஸ்கேனுக்கு வருகிறவர்களை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அல்லவா வரச் சொல்ல வேண்டும்? மருத்துவர்கள் பட்டினி போடச் சொல்வது கட்டி நன்றாகத் தெரிவதற்காக. சாப்பிட்டால் இன்சுலின் சுரக்கும். தசைகளின் குளுக்கோஸ் கதவு இன்சுலின் வந்து தட்டினால் திறப்பது. அது திறந்தால் மருந்தெல்லாம் தசைக்குப் போய்விடும். பட்டினியில் இன்சுலின் இறங்குகிறது, தசைக் கதவு மூடுகிறது. கட்டிச் செல்களின் கதவு பெரும்பாலும் இன்சுலினுக்குக் காத்திருக்காத வகை. அது எப்போதும் திறந்தே கிடக்கிறது. ஆகவே பட்டினியில் முதலில் பங்கு குறைவது நம் தசைக்கு.

சாப்பிடாவிட்டால் கட்டிக்குக் குளுக்கோஸ் எங்கிருந்து வருகிறது? நம் ஐந்து லிட்டர் ரத்தத்தில் எந்த நேரத்திலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் ஒரு தேக்கரண்டி அளவுதான், ஐந்து கிராம் போல. மூளை மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் கேட்கிறது. அதனால் ரத்தத்தில் அந்த ஒரு தேக்கரண்டி குறையாமல் பார்த்துக்கொள்வதை உடம்பு உயிர்ப் பிரச்சினையாக நடத்துகிறது. நீங்கள் நிறுத்தினால் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து கொடுக்கும். சேமிப்பு ஒரு நாளில் தீர்ந்துவிடும். அப்புறம் தசையின் புரதத்தை உடைத்து அதிலிருந்து குளுக்கோஸ் தயாரிக்கும். அந்த அம்மா இழந்த ஆறு கிலோவில் ஒரு பங்கு இப்படித்தான் போயிருக்கும். அது போதாதென்று, கட்டிக்கு குளுக்கோஸ் ஒன்றுதான் சாப்பாடு என்பதும் இல்லை. குளுட்டமைன் என்ற அமினோ அமிலத்தையும் கொழுப்பையும்கூட எடுத்துக்கொள்ளும்.

இனிப்பை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நான் சொல்லவில்லை. உடல்பருமனோடு 13 வகைப் புற்றுநோய்களுக்குத் தொடர்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சொல்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்றுநோய் அதில் ஒன்று. சர்க்கரை வியாதி இருப்பவர்கள் கீமோ சமயத்தில் கட்டுப்பாட்டை விடவே கூடாது. மாவுச்சத்தை அறவே குறைத்த உணவு சில மருந்துகளுக்குத் துணை செய்யுமா என்று நேர்மையான ஆய்வுகளும் நடக்கின்றன. 2018இல் எலிகளில் செய்த ஒன்றில், குறிப்பிட்ட மருந்தோடு சேர்ந்தபோது அந்த உணவு உதவியது. மருந்தில்லாமல் அந்த உணவை மட்டும் கொடுத்தபோது ஒரு வகை ரத்தப் புற்று வேகமெடுத்தது. வீட்டில் நாமாகச் செய்து பார்க்கிற காரியம் இல்லை இது.

அந்த வாசகியின் கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: "முள்சீத்தா இலைக் கஷாயமும் குடிக்கிறார்." முள்சீத்தா கீமோவைவிட 10,000 மடங்கு சக்தி என்ற செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணுக்கு ஒரு வேர் இருக்கிறது. 1990களில் அமெரிக்காவில் முள்சீத்தா விதையிலிருந்து பிரித்த ஒரு பொருளைக் கண்ணாடித் தட்டில் வளர்த்த குடல் புற்றுச் செல்கள்மேல் சோதித்தார்கள். அந்தத் தட்டில் வந்த எண் அது. தட்டில் இருப்பது செல் மட்டும். அங்கே கல்லீரல் இல்லை, சிறுநீரகம் இல்லை, காப்பாற்ற வேண்டிய மனுஷி இல்லை. கரீபியன் கடலில் இருக்கும் குவாடலூப் தீவில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாக எடுத்துக்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற ஒரு நரம்பு நோய் அதிகம் தென்பட்டதாக 1999இல் மருத்துவர்கள் எழுதினார்கள். முள்சீத்தாவில் இருக்கும் அன்னோனாசின் என்ற பொருள் நரம்புச் செல்களைக் கொல்லக்கூடியது என்பது பின்னர் ஆய்வகத்தில் தெரிந்தது.

மூலிகை என்றாலே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிறிஸ்டின் வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றும் அது முக்கியமான மருந்து. அந்த இலையைக் கொதிக்க வைத்து மருந்தாகக் கொடுக்கவில்லை. பிரித்து, அளந்து, எவ்வளவு கொடுத்தால் நோய் சாகும், எவ்வளவு கொடுத்தால் நரம்பு கெடும் என்று நோயாளிகளிடம் பொறுமையாகப் பார்த்துத்தான் ஊசிக்குள் ஏற்றினார்கள். இந்த மாதிரிச் செய்தி எது வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: தட்டிலா, எலியிலா, மனிதரிலா? மனிதர் என்றால் எத்தனை பேர், மருந்து எடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்களா?

சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று முறையை மட்டும் நம்பியவர்களைப் பற்றி 2018இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது. பரவாத, குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்த நோயாளிகள் அவர்கள். முறையான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது அந்த நோயாளிகள்மேல் இல்லை. ஓ.பி.யில் ஒரு டாக்டருக்கு ஒரு நோயாளியிடம் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். வீடியோக்காரர் இருபது நிமிடம் நிதானமாக, தமிழில், "அம்மா, பயப்படாதீங்க" என்று பேசுகிறார். பயந்துபோன மனசு யார் பக்கம் சாயும்? ஒவ்வொரு புற்றுநோய்ப் பிரிவிலும் நோயாளியோடு உட்கார்ந்து பேசுவதற்கென்றே ஓர் உணவு ஆலோசகரும் ஒரு மனநல ஆலோசகரும் இருக்க வேண்டும். அது சலுகை இல்லை, சிகிச்சையின் ஒரு பகுதி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெட் ஸ்கேனுக்கு ஏற்றும் அந்த ஊசி மருந்து புற்றுநோய்க்காகக் கண்டுபிடித்ததே இல்லை. மூளை எவ்வளவு குளுக்கோஸ் செலவழிக்கிறது என்று அளக்க நினைத்த லூயிஸ் சொக்கலாஃப் போன்ற மூளை ஆய்வாளர்களின் வேலையிலிருந்து அது வளர்ந்தது. 1976இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தயாரித்து, கதிரியக்கம் தீருவதற்குள் விமானத்தில் பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோய் முதன்முதலாக மனிதருக்கு ஏற்றினார்கள். படம் எடுத்தது மூளையை. மக்கள் வரிப்பணத்தில், உடனடிப் பயன் என்ன என்று நெருக்காமல் விட்ட ஆராய்ச்சி அது. நம் நாடு மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட ஆராய்ச்சிக்குச் செலவிடுவதில்லை. இதை எழுதும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

வாசகிக்கு இதையெல்லாம் சுருக்கி எழுதினேன். அம்மாவிடம் வாதாட வேண்டாம், "ஸ்கேனுக்கு முன்னாடி உன்னைப் பட்டினி போட்டாங்களே, ஏன்மா?" என்று மட்டும் கேளுங்கள் என்றேன். கஷாயத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொன்னேன். தனக்கு நோய் வந்ததே தான் தின்ற இனிப்பால்தான் என்று அந்த அம்மா ராத்திரியில் அழுவதாக எழுதியிருந்தார். அது அவர் செய்த தப்பு இல்லை என்பதை முதலில் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம் என்றும் எழுதினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. காலையில் இரண்டு இட்லி, ஒரு முட்டை. மதியம் பருப்பு போட்டு, நெய் விட்டுச் சோறு. எடை அரை கிலோ ஏறியிருக்கிறது. மூன்றாவது கீமோ குறித்த தேதியில் நடந்துவிட்டது. காபிக்கு மட்டும் இன்னும் சர்க்கரை வேண்டாம் என்கிறாராம். அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று பதில் போட்டேன்.