ரின்பாலும் மச்சானின் பியரும்

மெல்பேணில் இருக்கும் மச்சான் ஒரு ஞாயிறு காலை வாட்ஸ்அப்பில் படம் ஒன்று அனுப்பியிருந்தான். 23 லீற்றர் பிடிக்கும் பெரிய கண்ணாடிச் சாடி, அதற்குள் கடும் கபில நிறத்தில் ஏதோ ஒன்று. கீழே ஒரு வரி: “பியர் காய்ச்ச வாங்கின ரின்னில வைக்கோல் நிறம் எண்டு போட்டிருக்கு. இதென்ன மச்சான், கசாயமா?”

திருகோணமலையில் இரசாயனவியல் படிப்பிக்கிறவனுக்குச் சொந்தக்காரர் அனுப்பும் கேள்விகள் பலவகை. கிணற்றுத் தண்ணீர் ஏன் மணக்கிறது, வெள்ளி விளக்கு ஏன் கறுக்கிறது என்று வரும். பியர் வந்தது இதுதான் முதல் தடவை. இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் பியர் காய்ச்சினால் மதுவரிச் சட்டப்படி குற்றம். அவுஸ்திரேலியாவில் தன்னுடைய பாவனைக்கு வீட்டில் பியர் காய்ச்சலாம், சாராயம் வடிக்கத்தான் கூடாது. ஆகவே அவன் அங்கே காய்ச்ச, நான் இங்கே தேத்தண்ணியோடு இருந்து யோசித்தேன்.

“கிளாஸில ஊத்திப் பாத்தியா?” என்றுதான் முதலில் கேட்டேன். பார்க்கவில்லை.

கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் இராவணன் வெட்டுப் பக்கம் நின்று கீழே எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. அங்கே கடல் கருநீலமாகத் தெரியும். அதே கடல்தான் மாபிள் பீச்சிலும். முழங்காலளவு தண்ணீரில் நின்றால் கால் விரல்களை எண்ணலாம். ஒரு கை அள்ளிப் பார்த்தால் நிறமே இல்லை. தண்ணீர் சிவப்பு ஒளியை விழுங்கும், ஆனால் மிக மெதுவாக. அது கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் பல மீற்றர் ஆழம் வேண்டும்.

பியர் விழுங்குவது நீலத்தை. மிஞ்சுகிற மஞ்சளும் சிவப்பும்தான் நம் கண்ணுக்கு வருகின்றன. ஒரு சென்ரிமீற்றர் பியர் நீல ஒளியில் பத்தில் ஒரு பங்கை விழுங்குகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 6 சென்ரிமீற்றர் அகலக் கிளாஸைத் தாண்டும்போது பாதிக்குச் சற்று மேல் மிஞ்சும். 30 சென்ரிமீற்றர் அகலச் சாடியைத் தாண்டும்போது நூற்றுக்கு 4 பங்குதான் மிஞ்சும். பியர் ஒன்றுதான், ஆனால் ஓரிடத்தில் தேன், மற்ற இடத்தில் கசாயம்.

உயர்தர மாணவர்களுக்கு இது பியர்–லம்பேட் விதி. பெயரைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். அந்தப் பியர் குடிக்கிற பியர் அல்ல, 1852இல் இதைப் பற்றி எழுதிய ஜேர்மன்காரர் ஓகஸ்ட் பியர். ஆனால் நிறத்தை அளக்கிற கலையைத் தொடக்கிவைத்தவர்களில் ஒருவர் உண்மையிலேயே பியர்க் குடும்பத்தவர்தான். இங்கிலாந்தின் ஜோசப் லொவிபொண்ட் 1880களில் நிறக் கண்ணாடித் துண்டுகளை வரிசையாக அடுக்கி, அவற்றோடு பியரை ஒப்பிட்டு எண் கொடுத்தார். இன்று கண்ணை நம்பாமல், 430 நனோமீற்றர் நீல ஒளியை 1 சென்ரிமீற்றர் பியருக்குள் செலுத்தி, உறிஞ்சலின் மடக்கை அளவை 12.7ஆல் பெருக்குகிறார்கள். அதென்ன 12.7 என்று எனக்கும் நெடுநாள் குழப்பம். பழைய அளவுக் குவளையின் அகலம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். அவ்வளவுதான் விஷயம். இந்த அளவில் பில்ஸ்னர் என்ற வெளிறிய பியர் 2 முதல் 4 வரை வரும், ஸ்டவுட் என்ற கறுப்புப் பியர் 30ஐத் தாண்டும்.

சரி, அடுத்த படம் வந்தது. கிளாஸில் இப்போது கசாயம் இல்லை, ஆனால் வைக்கோலும் இல்லை. பழுத்த செம்மஞ்சள். அப்படியென்றால் பாதிப் பழி சாடிக்கு, மீதி வேறெங்கோ.

நான் முதலில் தண்ணீரைச் சந்தேகித்தேன். காரத்தன்மையுள்ள தண்ணீர் பியரைக் கறுக்கவைக்கும் என்பது உண்மை. வெறுந்தேத்தண்ணிக்குள் தேசிக்காய் பிழிந்து பாருங்கள், நிறம் சட்டென்று வெளிறும். ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டால் கறுக்கும். மென்தண்ணீர் உள்ள பில்சென் நகரத்தில் 1842இல் பொன்னிறப் பியர் பிறந்ததற்கும், காபனேற்று மிகுந்த தண்ணீர் உள்ள டப்ளின் கறுப்பு ஸ்டவுட்டுக்குப் பெயர்போனதற்கும் தண்ணீரும் ஒரு காரணம். ஆனால் என் ஊகம் பிழை. மெல்பேண் தண்ணீர் மலைக்காட்டிலிருந்து வரும் மென்தண்ணீர். அதோடு அவன் தானியத்தை ஊறவைத்துச் சாறு எடுக்கவில்லை, ரின்னில் வரும் மோல்ட் பாணியைக் கரைத்திருந்தான். முளைத்த பார்லியின் சாற்றைத் தேன் பதத்துக்கு வற்றவைத்ததுதான் மோல்ட் பாணி.

“அந்த ரின் எப்ப வாங்கினது?” என்றேன்.

“போன வருசத்துக்கு முதல் வருசம். கராஜில கிடந்தது.”

விடை அங்கேதான் இருந்தது. நம் குசினிகளில் இதை எல்லாரும் கண்டிருப்பார்கள். அலுமாரியின் பின்மூலையில் மறந்துபோன ரின்பாலை ஒருநாள் திறந்தால் வெள்ளையாக இருக்காது, வெளிறிய பனங்கட்டி நிறத்தில் இருக்கும். பழுதாகியிருக்காது, யாரும் சூடாக்கியிருக்கவும் மாட்டார்கள், ஆனாலும் பழுத்துவிட்டது. பாலின் புரதமும் பால் வெல்லமும் அந்த இறுகிய பாணிக்குள் நெருங்கிக் கிடந்து, மாதக்கணக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து கபிலப் பொருள்களாக மாறுகின்றன. 1912இல் லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்ததால் இதற்கு மையார் தாக்கம் என்று பெயர். பாணின் தோல், வறுத்த கச்சான், மில்க் டொபி எல்லாம் இதன் பிள்ளைகள். அடுப்பில் சில நிமிடங்களில் நடப்பது அலுமாரியில் ஒரு வருடம் எடுக்கும். மோல்ட் பாணியிலும் அமினோ அமிலம் இருக்கிறது, சீனி இருக்கிறது, தண்ணீர் குறைவு. மெல்பேண் கோடையில் ஒரு கராஜ் எவ்வளவு சூடாகும் என்று சொல்லத் தேவையில்லை. ரின்னைத் திறக்குமுன்பே பாதி நிறம் உள்ளே ஏறிவிட்டது. மோல்ட் தூளாக வாங்கியிருந்தால் இவ்வளவு கறுத்திருக்காது, காய்ந்த தூளில் இந்தத் தாக்கம் ஊர்ந்துதான் போகும்.

அப்புறம் காய்ச்சிய விதம். 5 லீற்றர் பானையில் முழு ரின்னையும் கொட்டி ஒரு மணித்தியாலம் கொதிக்கவிட்டு, பிறகு பச்சைத்தண்ணீர் ஊற்றி 23 லீற்றர் ஆக்கியிருக்கிறான். தொதல் கிண்டியவர்களுக்கு இதில் என்ன நடந்திருக்கும் என்று தெரியும். பாகு இறுக இறுகத்தான் நிறம் ஓடி வரும். பலர் இதைச் சீனி கருகியது என்று நினைப்பார்கள். சீனி தனியாகக் கருக 160 பாகை செல்சியஸ் அளவு வேண்டும், கொதிக்கிற கரைசலோ 100ஐச் சற்றே தாண்டும். ஆகவே இதுவும் பெரும்பாலும் மையார்தான். பானையின் அடி மட்டும் விதிவிலக்கு. கிண்டாமல் ஊற்றிய பாணி அங்கே போய்ப் படிந்தால் உண்மையாகவே அடிப்பிடிக்கும்.

ஒரு மணித்தியாலம் கொதிக்கவிடச் சொல்வது ஹொப்ஸ் பூவுக்காக. அதிலுள்ள பொருள் கொதியில் உருமாறினால்தான் பியருக்குக் கசப்பு ஏறும். பாணிக்கு அந்தக் கொதி தேவையில்லை. அதனால் இரண்டாம் முறைக்கு நான் சொன்னது இதுதான். புது ரின் வாங்கு. அதில் கால்வாசியை மட்டும் கரைத்து ஹொப்ஸைக் கொதிக்கவை. கடைசிப் பத்து நிமிடத்தில் பானையை அடுப்பிலிருந்து இறக்கி, மீதியை ஊற்றி, அடிவரை கிண்டி, மறுபடி ஏற்று. வசதி இருந்தால் பெரிய பானை வாங்கு.

இரண்டாம் முறை நிறம் நன்றாக வந்தது. மூன்றாம் நாள் மட்டும் “பால்தேத்தண்ணி மாதிரி இருக்கு” என்று பதறினான். அது மிதக்கிற ஈஸ்ட். ஒளியைச் சிதறவைத்து பியரை வெளிறக் காட்டும். அது அடியில் படிந்ததும் பியர் கொஞ்சம் கறுத்ததுபோலத் தெரியும், அதற்கும் பயப்படக்கூடாது.

பயப்பட வேண்டியது இரண்டு மாதம் கழித்து வந்தது. போத்தலில் இருந்த பியர் மங்கிய கபிலமாக மாறியிருந்தது. “நனைஞ்ச மட்டைப்பெட்டி மணக்குது” என்றான். இதற்குக் காரணம் காற்று. வெட்டிய வாழைக்காய் கறுப்பதைப் போலத்தான், பார்லியிலும் ஹொப்ஸிலும் இருந்து வரும் பொலிபீனோல்கள் ஒட்சிசனோடு சேர்ந்து கபிலமாகின்றன. வாழைக்காயில் நொதியம் தூண்டுவதால் நிமிடக் கணக்கு, பியரில் நொதியம் இல்லாமல் வாரக் கணக்கு. மட்டைப்பெட்டி மணம் தருவது ட்ரான்ஸ்-2-நொனெனல் என்ற பொருள். நூறு கோடியில் 0.1 பங்கு இருந்தாலே மூக்குக்குப் பிடிபடும்.

எப்படிப் போத்தலுக்கு மாற்றினாய் என்று கேட்டால், சாடியிலிருந்து புனல் வைத்து மேலேயிருந்து ஊற்றினானாம், இழுத்த தேத்தண்ணி மாதிரி நுரை பொங்க. ஈஸ்ட் போடுமுன் ஆறிய கரைசலை அப்படி ஆற்றினால் நல்லது, ஈஸ்டுக்கு அந்தக் காற்று வேண்டும். புளித்து முடிந்தபின் அதே செயல் நாசம். குழாயைப் போத்தலின் அடிவரை விட்டு, சத்தமில்லாமல் நிரப்பி, மேலே இரண்டு விரல் இடம் விட்டு மூட வேண்டும். பிறகு கராஜில் வைக்கக் கூடாது. கராஜ் என்ற சொல்லையே இனி அவனிடம் சொல்லக் கூடாது என்று மனைவி சொன்னாள்.

மூன்றாம் தடவைப் படத்தில் நிறம் சரியான வைக்கோல், ஆனால் கிளாஸ் முழுக்கக் கலங்கல். “பிரிட்ஜில இருந்து இப்பத்தான் எடுத்தனியோ?” என்று கேட்டேன். ஓம் என்றான். சாயம் கூடிய வெறுந்தேத்தண்ணியைக் குளிரவைத்தால் சேறுபோலக் கலங்குமே, அதன் தம்பிதான் இது. குளிரில் புரதமும் பொலிபீனோலும் கைகோத்துத் துகள்களாகின்றன, சூடு ஏறினால் கையை விடுகின்றன. குடிக்க அவசரப்படாமல் மேசையில் வை என்றேன்.

அரை மணித்தியாலம் கழித்து இன்னொரு படம் வந்தது. கிளாஸுக்குப் பின்னால் சுவரில் தொங்கிய தமிழ்க் கலண்டரில் அன்றைய இராகுகாலம் தெளிவாக வாசிக்கக்கூடியதாக இருந்தது.